இடிக்கும் உரிமை

ஒருவர் தமது காணியில் வீடு கட்ட விரும்பினால் உள்ளூராட்சி மன்றத்தில் வரைபடத்தைச் சமர்ப்பித்து அனுமதி பெறவேண்டும். இதனை எவரும் அநீதி என்று கூறுவதில்லை. அயலவரின் காற்றையும் வெளிச்சத்தையும், தெருவின் அகலத்தையும், மழைநீர் வடிந்தோடும் வாய்க்காலையும் பாதிக்கக்கூடிய ஒரு காரியத்தைத் தொடங்குமுன் சமூகத்தின் சம்மதத்தைப் பெறுவது முறையே என நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால், அதே மனிதர் தமது காணியில் நிற்கும் இருநூறு ஆண்டுப் பழைமைவாய்ந்த கட்டடம் ஒன்றை இடிக்க முற்படுகையில், "சற்றுப் பொறும், முதலிற் காரணத்தைக் கூறும்" என்று சட்டம் குறுக்கே நின்றால் உடனே ஓர் ஆட்சேபம் எழுகிறது. "என் பொருளை அழிப்பதற்கு எனக்கு உரிமை இல்லையா?" என்பதே அது.

இவ்வாட்சேபத்துக்கு விடை காண்பது கட்டடக் கலைஞர்களுக்கும் தொல்பொருள் ஆய்வாளர்களுக்கும் மட்டும் உரிய வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. உடைமை என்பது எதுவரை செல்லும்? இன்று வாழ்வோர் நாளை பிறக்கப்போவோருக்கு எவ்வளவு கடன்பட்டவர்கள்? ஒரு நாட்டின் வரலாறு யாருடைய சொத்து? இம்மூன்று கேள்விகளும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களை இடிப்பது பற்றிப் பல்வேறு நாடுகள் வகுத்துள்ள விதிகளை ஊன்றி நோக்கினால், இக்கேள்விகளுக்கு அந்தந்தச் சமூகம் அளித்துள்ள விடையை அவற்றினுள்ளே வாசிக்கலாம்.

உடைமைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. மாம்பழத்தை உண்பதற்கென்றே வாங்குகிறோம். உண்டதும் அது தீர்ந்துவிடுகிறது. உடுக்கும் துணி நம்மோடு நைந்துபோகிறது. கட்டடமோ, கட்டியவரின் ஆயுளையும் வாங்கியவரின் ஆயுளையும் கடந்து நிற்கிறது. உள்ளே சொந்தக்காரர் குடியிருக்கிறார். அதன் முகத்தையோ தெருவாற் போகின்ற அனைவரும் காண்கின்றனர். அதன் சுவரிலே கல் சுமந்தவரின் முதுகும், சுண்ணாம்பு அரைத்தவரின் கையும், மரம் இழைத்த தச்சரின் கண்ணும் கலந்திருக்கின்றன. அன்றைய கூலியைக் கொடுத்துவிட்ட காரணத்தால், அவ்வுழைப்பின் அடையாளத்தை உலகத்திலிருந்து துடைத்துவிடும் உரிமையும் விலைக்கு வாங்கப்பட்டதாகுமா?

ஆங்கில அறிஞர் ஜோன் றஸ்கின் 1849இல் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய நூலில், பழைய கட்டடங்களின் மீது இன்றைய தலைமுறைக்குத் தனியுரிமை கிடையாது. இறந்தோருக்கும் இனி வருவோருக்கும் அவற்றிற் பங்குண்டு என்று வாதித்தார். இறந்தோருக்கு உரிமை உண்டென்பது பொருள்முதல்வாத நோக்குடையோருக்கு ஏற்புடையதாகாது. இறந்தவர் இனி எதனையும் இழக்கப்போவதில்லை. எனினும் அவ்வாதத்தின் மறுபாதி எஞ்சி நிற்கிறது. பிறக்கப்போகும் பிள்ளை இன்று பேச இயலாது, வாக்களிக்க இயலாது, வழக்குத் தொடுக்க இயலாது. அது வந்து பார்க்கும் நாளில் எவை நிற்கவேண்டும், எவை மறைந்திருக்கவேண்டும் என்பதை அதன் சார்பில் நாமே தீர்மானித்து விடுகிறோம். பேச இயலாதவரின் பங்கைக் கையிலே வைத்திருப்பவர் சொந்தக்காரர் அல்லர், பொறுப்பாளரேயாவர்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். காப்பதற்குத் தகுதியற்ற கட்டடம் ஒன்றைத் தவறுதலாகக் காத்துவிட்டோம் என வைத்துக்கொள்வோம். அத்தவற்றை அடுத்த வருடமே திருத்தலாம். இடிப்பதற்கு எந்நாளும் நாள் உண்டு. காக்கவேண்டிய கட்டடத்தைத் தவறுதலாக இடித்துவிட்டாலோ அத்தவற்றைத் திருத்துவதற்கு நாளே இல்லை. இரண்டு தவறுகளும் ஒரே நிறையுடையனவல்ல. ஆகவே ஐயம் எழும்போது துலாக்கோல் காப்பதன் பக்கமே சாயவேண்டும். ஏன் காக்கவேண்டும் என்று நிறுவும் சுமை காக்க விரும்புவோரின் தலையில் ஏற்றப்படலாகாது. ஏன் இடிக்கவேண்டும் என்று நிறுவும் சுமையை இடிக்க விரும்புவோரே ஏற்கவேண்டும். இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் கருத்து இதுவே. மிக எளிய கருத்துத்தான். ஆயினும் கைத்தொழிற் புரட்சியை முதன்முதற் கண்ட பிரித்தானியாவிலே, இத்துறையின் முதலாவது சட்டம் தோன்றிய நாளிலிருந்து இக்கருத்துச் சட்டமாவதற்கு 86 ஆண்டுகள் பிடித்தன.

வங்கியாளரும் விஞ்ஞானியுமாகிய ஜோன் லபொக் என்பார், பண்டைய நினைவுச் சின்னங்களைக் காப்பதற்கான மசோதாவை 1870களிலே பாராளுமன்றத்திற் பன்முறை கொண்டுவந்தார். நிலவுடைமையாளர் நிறைந்திருந்த அச்சபை அதனைச் சொத்துரிமையின் மீது தொடுக்கப்பட்ட தாக்குதலாகவே கண்டது. 1882இல் ஒருவாறு அது சட்டமாயிற்று. ஸ்டோன்ஹெஞ் முதலான, வரலாற்றுக்கு முற்பட்ட கல்வட்டங்களும் புதைமேடுகளுமே பெரும்பாலும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுக்குச் சேதம் விளைப்போருக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆயின் அத்தண்டனை பிறருக்கே உரியது. சொந்தக்காரர் தாமாக விரும்பிச் சின்னத்தை அரசின் காவலில் ஒப்படைத்திருந்தாலன்றி, அவர் அதனை என்ன செய்தாலும் சட்டம் அவரைத் தீண்டாது. கல்லிலே தன் பெயரைக் கீறிய வழிப்போக்கன் குற்றவாளி. கல்லையே உடைத்துத் தெருவுக்குப் பரப்பிய நிலப்பிரபு நிரபராதி! சட்டம் யாருடைய கையால் எழுதப்பட்டது என்பதை விளக்குவதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரிலே விமானக் குண்டுகள் நகரங்களைச் சிதைத்த பின்னர், 1947இல் தொழிற்கட்சி அரசாங்கம் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தை இயற்றியது. வரலாற்றுச் சிறப்போ கலைச் சிறப்போ உடைய கட்டடங்கள் நாடு முழுவதிலும் தேடிப் பட்டியலிடப்படலாயின. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் பட்டியலிலுள்ள கட்டடத்தை இடிக்க விரும்புவோர் 2 மாதங்களுக்கு முன்னர் அறிவித்தல் கொடுத்தாற் போதும் என்பதே அன்றைய விதி. தடுக்க விரும்பினால் அதிகாரிகளே அக்காலத்துள் விழித்தெழுந்து தடையாணை பிறப்பிக்கவேண்டும். அவர்கள் உறங்கிவிட்டாற் கட்டடம் போயிற்று.

இவ்விதியின் பலவீனத்தை உலகறியச் செய்தது யூஸ்டன் வாயிலின் அழிவு. இலண்டனின் யூஸ்டன் புகையிரத நிலையத்தின் முன்னே 1830களில் எழுப்பப்பட்ட அப்பெருந்தூண் வாயில், புகையிரத யுகத்தின் தொடக்கத்தைக் குறித்து நின்றது. அது பட்டியலிலும் இடம்பெற்றிருந்தது. நிலையத்தைப் புதிதாகக் கட்டவேண்டும் என்ற காரணத்தால் அதனை இடிக்க முடிவுசெய்தனர். கட்டடக் கலைஞரும் எழுத்தாளரும் கிளர்ந்தெழுந்து பிரதமர் ஹரோல்ட் மக்மிலனிடம் முறையிட்டனர். அவர் இணங்கவில்லை. 1961இல் இடிப்புத் தொடங்கியது. அதன் கற்களிற் பல கிழக்கு இலண்டனில் நீரோடையொன்றின் அடியிலிருந்த பள்ளத்தை நிரப்புவதற்காகக் கொட்டப்பட்டிருந்தமை 1994இல் வெளிவந்தது. இதில் முற்போக்காளர் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்வாயிலின் சொந்தக்காரர் தனியார் முதலாளி அல்லர். மக்களின் பெயரால் இயங்கிய அரசுடைமைப் போக்குவரத்து நிறுவனமே. உடைமை அரசின் கைக்கு மாறிவிட்டாற் பொறுப்புணர்ச்சியும் தானாக வந்துசேரும் என்பது வெறும் நம்பிக்கை.

1968ஆம் ஆண்டின் சட்டமே நிலைமையைத் தலைகீழாக மாற்றியது. அதிகாரி தடுக்காவிட்டால் இடிக்கலாம் என்றிருந்த விதி, அதிகாரி அனுமதித்தாலன்றி இடிக்கலாகாது என்று மாறியது. வாக்கியத்தில் ஏற்பட்ட மாற்றம் சிறிது. அறத்தில் ஏற்பட்ட மாற்றம் பெரிது. அனுமதியின்றி இடித்தல் குற்றமாயிற்று. இன்று அக்குற்றத்துக்குச் சிறைத்தண்டனையும் உண்டு. தண்டப்பணம் விதிக்கும்போது, இடித்ததனாற் குற்றவாளி பெற்ற பொருளாதார இலாபத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கவேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தண்டப்பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டு இலாபத்தைக் கட்டிக்கொள்ளும் வணிகரின் தந்திரத்தை அறிந்தோர் வகுத்த விதி இது.

இடிப்புக்கான விண்ணப்பம் மூடிய அறைக்குள் முடிந்துவிடுவதுமில்லை. பொதுமக்களுக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். குறிப்பிட்ட சில சங்கங்களுக்கு இவ்விண்ணப்பங்களை அறிவித்தே ஆகவேண்டும். அவற்றுள் ஒன்று, பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்காக வில்லியம் மொறிஸ் 1877இல் நிறுவிய சங்கம். கவிஞராகவும் கைவினைஞராகவும் விளங்கிய மொறிஸ், 1883இல் சோசலிச இயக்கத்திற் சேர்ந்து தம் இறுதிக்காலம்வரை அதற்காக உழைத்தவர். பழைய கட்டடங்களின் மீது அவர் கொண்ட பற்றும், சோசலிசத்தின் மீது அவர் கொண்ட பற்றும் ஒரே ஊற்றிற் பிறந்தவை. இயந்திரத்தின் அடிமையாகாத கைவினைஞர், தம் கையும் மனமும் ஒன்றிச் செய்த உழைப்பின் சாட்சியாகவே அவர் பழைய சுவர்களைக் கண்டார். பழைமை பேணுதல் பிற்போக்கு என்று நம்மிடையே கருதுவோர் இவ்வரலாற்றைச் சிந்தித்துப் பார்த்தல் நன்று.

இனி, இடிப்பவர் கூறும் காரணங்களில் எவை ஏற்கத்தக்கவை என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலும் கூறப்படும் காரணம் இரண்டு: கட்டடம் பழுதடைந்துவிட்டது என்பது ஒன்று, வருவாய் போதவில்லை என்பது மற்றையது.

முதலாவது காரணத்தின் பின்னே பல வேளைகளில் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. கூரையில் ஓடொன்று விலகுகிறது. சொந்தக்காரர் அதனை மாற்றுவதில்லை. மழை உள்ளே இறங்குகிறது, வளை உக்குகிறது, சுவர் ஊறிப் பிளக்கிறது. பத்து வருடம் கழித்து, "இது ஆபத்தான கட்டடம், பொதுமக்களின் உயிரைக் காப்பதற்காக இடிக்க அனுமதி தாருங்கள்" என்று அவரே மனுக் கொடுக்கிறார். இங்கிலாந்தில் 2012இல் வெளியான திட்டமிடற் கொள்கை இத்தந்திரத்துக்கு ஒரு தடை போட்டது. வேண்டுமென்றே கட்டடத்தைக் கவனியாது விட்டதற்கோ சேதப்படுத்தியதற்கோ சான்று இருப்பின், அதன் சீர்கெட்ட நிலையைத் தீர்ப்பிற் கணக்கில் எடுக்கலாகாது என்று அது விதித்தது. தன் குற்றத்தின் பயனைத் தானே அனுபவிக்க எவரையும் விடலாகாது என்ற பழைய நீதியே இங்கு கட்டடத்துக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. இடிப்பினாற் கணிசமான பொதுநன்மை விளையும் என்று காட்டலாம். அல்லது, வேறெப் பயன்பாட்டுக்கும் கட்டடம் உதவாது, வாங்கி நடத்தவும் எவரும் முன்வரவில்லை, பொது உடைமையாக்கியோ அறநிலையங்களிடம் ஒப்படைத்தோ காக்கவும் வழியில்லை என்பவற்றை வரிசையாக நிறுவவேண்டும் என்றும் அக்கொள்கை கேட்டது.

இரண்டாவது காரணத்தை அளந்து பார்ப்பதற்கு நியூயோர்க் நகரமே தகுந்த இடம். 1910இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா புகையிரத நிலையத்தின் மாபெரும் மண்டபங்களை 1963இல் இடிக்கத் தொடங்கினர். நிலம் விலைமதிப்பற்றது, மண்டபமோ வாடகை தராதது. அங்கே விளையாட்டரங்கும் அலுவலகக் கட்டடமும் எழுந்தன. அதனாற் பிறந்த வேதனையின் பின்னணியில் 1965இல் நகரம் ஒரு பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. பின்னர் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேலே 50க்கு மேற்பட்ட மாடிகளைக்கொண்ட கோபுரம் எழுப்ப விரும்பிய புகையிரதக் கம்பனி, அனுமதி மறுக்கப்பட்டபோது, தன் சொத்து நட்டஈடின்றிப் பறிக்கப்பட்டதாக வழக்காடியது. 1978இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நிலையத்தை நிலையமாக நடத்தி நியாயமான வருவாய் பெறுவதைச் சட்டம் தடுக்கவில்லை; பெறக்கூடிய இலாபம் முழுவதையும் பெற்றே தீரவேண்டும் என்பது உரிமையாகாது என்பதே அதன் சாரம்.

நியாயமான வருவாய் என்றால் எவ்வளவு? அச்சட்டம் அதற்கும் எண் குறித்திருக்கிறது. சொத்தின் மதிப்பிட்ட பெறுமதியில் ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் என்பதே அவ்வெண். அத்தொகையைக் கட்டடம் ஈட்டித்தர இயலாது என்று சொந்தக்காரர் நிறுவினால், வரிச்சலுகை முதலிய வழிகளை நகரம் தேடவேண்டும்; வழி ஏதும் கிட்டாவிடின் இடிப்புக்கு இடம் கொடுக்கவேண்டும். முதலாளித்துவ சமூகம் தன் உள்ளத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த இடங்கள் சிலவே. வரலாற்றுக்கும் கலைக்கும் வணக்கம் செலுத்துகிறது. ஆனால் அவ்வணக்கத்தின் எல்லையில் வட்டி வீதத்தை நிறுத்திவைக்கிறது. எனினும் இவ்விதியின் நன்மையையும் மறைக்கலாகாது. நட்டம் என்று வாய்ச்சொல்லாற் கூறித் தப்பிக்க முடியாது; சொந்தக்காரர் தம் கணக்குப் புத்தகத்தை விசாரணை மன்றத்தில் விரித்துக் காட்டவேண்டும். தனியார் கணக்கைப் பொதுமக்கள் கேள்வி கேட்கும் நிலை, சிறிதேயாயினும், ஒரு வெற்றியே.

விதி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் அதனை முந்தி ஓடுவோரும் உண்டு. இலண்டனின் மேற்கே 1928இல் எழுந்த பயர்ஸ்டோன் டயர்த் தொழிற்சாலையின் அழகிய முகப்பு, பட்டியலிற் சேர்க்கப்படவிருந்த வேளையில், 1980 ஓகஸ்ட் மாதத்து நீண்ட வார இறுதி விடுமுறையிலே இடித்து நொறுக்கப்பட்டது. கையொப்பமிடவேண்டிய அதிகாரிகள் விடுமுறையில் இருந்தனர்; இடிக்கும் இயந்திரத்துக்கு விடுமுறை இருக்கவில்லை. 2015 ஏப்ரலில் அதே நகரத்தின் கால்ற்றன் தவறணை என்னும் சிறிய கட்டடத்துக்கும் அவ்விதியே நேர்ந்தது. ஆனால் இம்முறை உள்ளூராட்சி மன்றம், முன்பிருந்தவாறே அதனைத் திரும்பக் கட்டித்தருமாறு சொந்தக்காரரைப் பணித்தது. 2021இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. திரும்பக் கட்டியது பழைய கட்டடமாகாது என்று மொறிஸ் இருந்திருந்தாற் கூறியிருப்பார், அது உண்மையே. ஆயினும், இடித்துவிட்டால் விடயம் முடிந்துவிடும் என்ற கணக்கை அத்தீர்ப்புப் பிழையாக்கிவிட்டது.

இவ்வளவையும் கேட்ட பின்னர் உழைக்கும் மக்களின் பக்கம் நிற்கும் ஒருவர் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்றுண்டு. "மக்கள் குடியிருக்க வீடின்றித் தவிக்கிறார்கள், நீங்களோ செத்த கல்லுக்காக அழுகிறீர்கள். கல் பெரிதா, மனிதர் பெரியவரா?" என்று அவர் கேட்பார். மனிதரே பெரியவர் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆயின் இடிக்கப்பட்ட இடத்தில் எழுந்தது எது என்று பார்த்தல் வேண்டும். மேலே கூறிய இடங்களில் ஒன்றிலேனும் வீடற்ற ஏழைக்கு வீடு எழவில்லை. ஏழையின் பெயரைச் சொல்லி இடித்துவிட்டு இலாபத்தின் பெயரிற் கட்டுவதே பெருவழக்கு.

மறுபுறத்தில், காப்பாற்றும் விதியும் மனிதரை மறந்துவிடக்கூடும். ஷெபீல்ட் நகரில் 1957க்கும் 1961க்கும் இடையே தொழிலாளர் குடும்பங்களுக்கென நகரசபை கட்டிய பார்க் ஹில் மாடிக் குடியிருப்பு, 1998இல் பட்டியலிடப்பட்டது. தொழிலாளரின் வீடும் வரலாற்றுச் சின்னமே என்று சட்டம் ஏற்றமை போற்றத்தக்கது. ஆனால் அதனைப் புதுப்பிக்கும் வேலை தனியார் கம்பனியிடம் சென்றபோது, குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். புதுப்பித்த வீடுகளிற் பெரும்பகுதி விற்பனைக்கு வந்தது. குறைந்த வாடகைக்குரியனவாக ஒரு பங்கே மிஞ்சியது. சுவர் காப்பாற்றப்பட்டது, யாருக்காகச் சுவர் எழுந்ததோ அவர்கள் காப்பாற்றப்படவில்லை. ஆகவே, இடிக்கும்போதும் காக்கும்போதும் "உள்ளே வாழ்பவர் எங்கே போவார்?" என்று கேட்காத விதி அரைகுறை விதியேயாகும்.

கொடுமையின் சின்னமாக நிற்கும் கட்டடங்களை என்ன செய்வது? 1789 ஜூலை 14இல் பாரிஸ் மக்கள் பஸ்தில் சிறைக்கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் அது கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டது. அக்கற்களிலிருந்து கோட்டையின் சிற்றுருவங்கள் செய்யப்பட்டுப் பிரான்சின் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. அம்மக்களைக் குறைகூற நமக்கு நாவெழாது. ஆனால் தென்னாபிரிக்க மக்கள் வேறு வழியைத் தேர்ந்தனர். நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் அடைபட்டிருந்த றொபன் தீவுச் சிறையை அவர்கள் இடிக்கவில்லை; அருங்காட்சியகமாக்கினர். 1999இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கொடுமை நடந்த அறை கண்முன்னே நிற்கும்வரை, கொடுமை நடக்கவே இல்லை என்று சாதிப்பது எளிதன்று.

மொஸ்கோ நகரம் தரும் பாடமும் மனங்கொள்ளத்தக்கது. அங்கிருந்த இரட்சகர் பேராலயம் 1931 டிசெம்பரில் அரசாங்கத்தால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்விடத்தில் எழவிருந்த சோவியத் மாளிகை எழவே இல்லை. போர் வந்து வேலையை நிறுத்தியது. 1960இல் அக்குழியில் நீச்சற் குளம் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில், அழிக்கப்பட்ட அதே ஆலயத்தின் பிரதி அவ்விடத்திலேயே மீண்டும் எழுந்து நின்றது. மதத்தைப் பற்றி நாம் எக்கருத்தைக் கொண்டிருந்தாலும், சொந்தக்காரரும் நீதிபதியும் ஒருவரேயாகி, காரணம் கேட்பதற்கு எவருமே இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதை இது காட்டுகிறது. மக்களின் மனத்திலுள்ளதை வெடிமருந்தால் அகற்ற முடியாது என்பதையும் காட்டுகிறது.

இறுதியாக, எல்லாவற்றுக்கும் அடிப்படையான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. பட்டியலில் இடம்பெற்ற கட்டடத்துக்கே இவ்விதிகள் யாவும் பொருந்தும். அப்பட்டியலை எழுதுபவர் யார்? எக்கட்டடம் வரலாறு, எக்கட்டடம் வெறுங்கல் என்று பிரிப்பவர் யார்?

நமது நாட்டில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் வகுக்கப்பட்டபோது, பழைமைக்கு ஒரு நாளையே எல்லையாக வைத்தனர். 1815 மார்ச் 2ஆம் திகதி என்பதே அவ்வெல்லை. கண்டி இராச்சியம் பிரித்தானிய முடிக்குக் கையளிக்கப்பட்ட ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அந்நாளுக்கு முற்பட்டது தொல்பொருள். பிற்பட்டது, அமைச்சர் வர்த்தமானியில் தனியாகப் பிரகடனம் செய்தாலன்றிப் பாதுகாப்புக்கு உரித்தாகாது. மன்னர் ஆட்சி முடிந்த நாளோடு வரலாறும் முடிந்துவிட்டது போன்ற எண்ணம் இவ்வெல்லையில் உறைந்திருக்கிறது. அந்நாளுக்குப் பின்னரே, காடு வெட்டிக் கோப்பியும் 1867இலிருந்து தேயிலையும் நட்டு, இந்நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றியமைத்த தொழிலாளர் மலைநாட்டுக்கு வந்தனர். அவர்கள் வாழ்ந்த லயன் ஒன்றேனும் 1815க்கு முற்பட்டதன்று. அவர்களுடைய வரலாறு முழுவதும் அக்கோட்டுக்கு அப்பால் விழுந்துவிட்டது.

லயனைக் காக்கவேண்டும் என்று இங்கு நாம் கூறவரவில்லை. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் புகைக்குள் முடங்கி வாழ்ந்த, இன்றும் பலர் வாழுகின்ற அவ்வரிசைகளை இடித்துத் தனி வீடும் காணியும் தருமாறு கேட்கும் மக்களின் முன்னே, பழைமையின் பேரால் வாய்திறக்க எவருக்கும் அருகதை இல்லை. இடிப்பதற்குரிய நியாயமான காரணம் என்பது இதுவன்றி வேறென்ன? அங்கு வாழ்பவரே கேட்கிறார். தம் வாழ்வுக்காகக் கேட்கிறார். ஆனால் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகி, பூந்தோட்டமும் மெருகிட்ட தளபாடமுமாகப் பேணப்படுகின்றன. கடைசி லயனும் சுவடின்றி மறைந்துபோகுமானால், நூறு ஆண்டு கழித்து அம்மலைக்குச் செல்லும் மாணவன் பங்களாவை மட்டுமே காண்பான். தேயிலைத் தோட்டத்தின் வரலாறு துரையின் வரலாறாக மட்டுமே அவனுக்குத் தோன்றும். ஆகவே, மக்களுக்கு வீடு கொடுக்கும் அதே வேளையில், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு லயனையாவது அளந்து, வரைந்து, படம்பிடித்து, சாட்சியாக நிறுத்திவைத்தல் வேண்டும். இறம்பொடைப் பகுதியின் ஓல்ட் பீக்கொக் தோட்டத்திற் பழைய லயன் ஒன்று தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டிருப்பது இவ்வழியில் எடுத்துவைக்கப்பட்ட நல்ல அடி.

ஆண்டுக் கணக்கே சிறப்பின் அளவுகோல் என்ற எண்ணத்தை நம் காலத்து வரலாறே மறுத்துவிட்டது. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1959இல் திறக்கப்பட்டது. 1981இல் எரிக்கப்பட்டபோது அதற்கு வயது 22 மட்டுமே. எச்சட்டத்தின் அளவுகோலாலும் அது தொன்மையானதன்று. ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் தன் உயிரோடு ஒப்பவைத்து எண்ணியது அக்கட்டடத்தையே. எரிந்த சுவர்களைச் சாட்சியாக அப்படியே விடுவதா, புதுப்பித்து நூலகமாக்குவதா என்று பின்னர் எழுந்த விவாதத்தில் இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. புதுப்பிக்கவே முடிவாயிற்று. படிக்கவரும் பிள்ளைக்கு நூலகம் வேண்டும் என்ற காரணம் வலியது. ஆனால் அத்தகைய முடிவொன்று எடுக்கப்படும்போது, அம்மக்களின் குரல் கேட்கப்படவேண்டும் என்பதே இங்கு கருதவேண்டியது. ஒரு கட்டடத்தின் பெறுமதியை அதன் வயதோ விலையோ தீர்மானிப்பதில்லை. அதனோடு வாழ்ந்த மக்கள் அதற்கு அளிக்கும் பொருளே தீர்மானிக்கிறது.

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். இடிக்க விரும்புவோர் முன்கூட்டியே கேட்கவேண்டும், பகிரங்கமாகக் கேட்கவேண்டும். தமது அலட்சியத்தாற் கட்டடம் கெட்டதைத் தமக்குச் சாதகமாகக் காட்டலாகாது. இலாபம் குறைவு என்பது மட்டும் காரணமாகாது. உள்ளே வாழ்பவரின் கதி என்ன என்பதற்கு விடை சொல்லவேண்டும். இடிக்க நேர்ந்தால், இடிக்குமுன் அதன் முழு விபரமும் பதியப்படவேண்டும். அரசும் இவ்விதிகளுக்கு அமைந்தே நடக்கவேண்டும். பட்டியலை எழுதும் கைகளில், மாளிகையிற் பிறந்தோரின் கைகளோடு லயனிற் பிறந்தோரின் கைகளும் இருத்தல் வேண்டும்.

இவற்றுட் கடைசி விதியைச் சட்ட நூலில் எழுதுவது எளிது. நடைமுறையிற் கொண்டுவருவது கடினம். அதற்கு ஆசிரியரும் மாணவரும் உதவமுடியும். தம் ஊரின் பழைய பாடசாலை, சங்கக் கட்டடம், மடம், தொழிற்சாலை, சந்தை ஆகியவற்றை யார் கட்டினர், எவ்வாண்டிற் கட்டினர், அங்கே எவர் உழைத்தனர் என்று வயதானோரிடம் கேட்டு எழுதிவைக்கும் ஒரு வகுப்பு, பட்டியலின் முதற் பக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டது. இடிக்க வருபவரை நோக்கி "ஏன்?" என்று கேட்பதற்கு, இடிபடப்போவது எது என்பதை அறிந்த மக்கள் வேண்டும்.